டின் சூப் இல்லாமல் கோழி உருளைக்கிழங்கு கேசரோல்: கிழங்கு ஏன் வேகவில்லை, பால் ஏன் திரிந்தது

தம்பி, நீங்கள் கேட்டது இதுதான்: இங்கிலாந்துக் குளிருக்கு இதமாக, கோழியும் உருளைக்கிழங்கும் போட்டு ஓவனில் கேசரோல் செய்ய வேண்டும், டின் சூப் எதுவும் சேர்க்கக் கூடாது. இரண்டு முறை முயன்றிருக்கிறீர்கள். முதல் முறை ஒன்றேகால் மணி நேரம் ஆகியும் கிழங்கு நறுக் நறுக்கென்று இருந்தது, கோழியோ நாராகிவிட்டது. இரண்டாம் முறை பால் திரிந்து, தண்ணீர் வேறு கட்டி வேறாக நின்றது. எங்கே தவறு என்று கேட்கிறீர்கள்.

உங்கள் செய்முறையைப் படித்தேன். பச்சைக் கிழங்கை வில்லைகளாக நறுக்கி, நெஞ்சுக்கறித் துண்டுகளோடு அடுக்கி, கொழுப்பு நீக்கிய பாலையும் ஒரு எலுமிச்சம்பழச் சாற்றையும் ஊற்றி, 160 டிகிரியில் வைத்திருக்கிறீர்கள். இரண்டு கோளாறுக்கும் விடை இதிலேயே இருக்கிறது. கோழி வேகும் நேரம் வேறு, கிழங்கு வேகும் நேரம் வேறு. இரண்டையும் பச்சையாக ஒன்றாக உள்ளே தள்ளினால் ஏதாவது ஒன்று கெட்டே தீரும். தனித்தனியே பாதி வரை சமைத்துக்கொண்டு, மீதிப் பாதியை மட்டும் சேர்ந்து வேகவிட வேண்டும்.

முதலில் கிழங்கு. உங்கள் வீட்டில் சாம்பார் வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். காய் வெந்த பிறகுதான் புளியைக் கரைத்து ஊற்றுவார்கள். முந்திப் புளி விட்டால் காய் வேகாது என்பது எல்லா வீட்டிலும் தெரிந்த பாடம். காரணம் இதுதான்: காயின் உயிரணுக்களை ஒன்றோடொன்று ஒட்டிவைத்திருப்பது பெக்டின் என்ற பசை. கொதிநிலையை நெருங்கும்போதுதான் அது கரையத் தொடங்கும். புளிப்பு சேர்ந்தால் எளிதில் கரையாது. சாம்பாரில் புளி செய்வதைத்தான் உங்கள் பாத்திரத்தில் எலுமிச்சை செய்தது. தக்காளியும் ஒயினும்கூட அப்படியே செய்யும்.

இன்னொன்றும் இருக்கிறது, இது பலருக்குத் தெரியாது. கிழங்கு 55 முதல் 70 டிகிரிக்குள் நெடுநேரம் இருந்துவிட்டால், அதிலுள்ள ஒரு நொதி வேலை செய்து அந்தப் பசையை மேலும் இறுக்கிவிடும். அதன் பிறகு எவ்வளவு நேரம் வைத்தாலும் பிடிவாதமாக நிற்கும். குளிர்ந்த பாலையும் பச்சைக் கிழங்கையும் ஆழமான பாத்திரத்தில் நிரப்பி மிதமான ஓவனில் வைத்தால், நடுப்பகுதி மெல்ல மெல்லச் சூடேறி அந்த வெப்பத்திலேயே நீண்ட நேரம் தங்கும். அதற்குள் மேல்புறம் சிவந்துவிடுவதால் வெந்துவிட்டது என்று வெளியே எடுத்துவிடுகிறோம். ஆகவே வில்லைகளை உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் முதலிலேயே அரைவேக்காடாக எடுத்துக்கொள்ளுங்கள். இந்த ஒரு காரியம் செய்தாலே உங்கள் முதல் பிரச்சினை தீர்ந்துவிடும்.

எந்தக் கிழங்கு? இங்கே கடைக்குக் கடை கிடைப்பது மேரிஸ் பைப்பர். கேம்பிரிட்ஜில் இருந்த பயிர் இனப்பெருக்க நிறுவனத்தில் உருவாகி 1966இல் வெளிவந்த வகை. மீனும் சிப்ஸும் விற்கும் கடைகள் விரும்பி வாங்குவது. மாவுத் தன்மை உள்ளது என்பதால் ஓரம் நன்றாக முறுகும், உட்புறம் மெத்தென்று இருக்கும். சார்லட் என்றொரு சிறிய மஞ்சள் கிழங்கு உண்டு. அது வழுவழுப்பு வகை. வில்லை உடையவே உடையாது, ஆனால் முறுகவும் முறுகாது. கிங் எட்வர்ட் ருசியானது, ஆனால் அரைவேக்காட்டிலேயே உதிரத் தொடங்கும். நான் மேரிஸ் பைப்பரைத்தான் வாங்குவேன்.

அடுத்து பால். பாலிலுள்ள புரதம் சூடும் புளிப்பும் உப்பும் சேரும்போது திரண்டுவிடும். கொழுப்பு குறைந்த பால் இன்னும் விரைவில் திரியும். எலுமிச்சைச் சாற்றையும் கொழுப்பு நீக்கிய பாலையும் சேர்த்துக் கொதிக்க வைத்தால் பன்னீர்தான் கிடைக்கும். இதற்கும் நம் சமையலிலேயே மருந்து இருக்கிறது. மோர்க்குழம்பில் ஊறவைத்த அரிசியையோ பருப்பையோ அரைத்து விடுவது எதற்கு? கெட்டியாவதற்கு மட்டும் அல்ல. அந்த மாவுச்சத்து தயிரின் புரதம் ஒன்றோடொன்று சேர்ந்து திரளாமல் நடுவில் நின்று தடுக்கிறது. இங்கே அந்த வேலையைச் செய்வது வெண்ணெயில் வதக்கிய மைதா. டின் சூப்பின் சூட்சுமமும் இதுவேதான். கேம்பல் நிறுவனம் 1934இல் காளான் கிரீம் சூப்பை டின்னில் விற்கத் தொடங்கியது. அமெரிக்க வீடுகளில் அதையே கேசரோலுக்குச் சாஸாக ஊற்றும் வழக்கம் வேரூன்றியது. மாவு சேர்த்துக் கெட்டியாக்கிய சூப் என்பதால் ஓவனில் அது திரியாது. டின்னை ஒதுக்கியவர் அந்த மாவையும் சேர்த்து ஒதுக்கிவிட்டால் பால் திரியத்தான் செய்யும்.

இடையில் பெயரைப் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் நீங்கள் இரண்டு நாட்டுச் செய்முறைகளைக் கலந்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. இங்கிலாந்தில் கேசரோல் என்றால் மூடி போட்ட கனமான பாத்திரத்தில், ஓவனில் மெதுவாக வேகும் இறைச்சிக் குழம்பு. அமெரிக்காவில் கேசரோல் என்றால் அகலமான, ஆழம் குறைந்த பாத்திரத்தில் வெள்ளைச் சாஸோடு அடுக்கிச் சுடுவது. இரண்டுக்கும் சூடும் நேரமும் வேறு. 160 டிகிரி என்பது மூடிய பாத்திரத்துக்கு உரியது. நீங்கள் விவரித்ததோ அகலத் தட்டு.

நான் சொல்லப் போவது இரண்டுக்கும் நடுவே நிற்பது. வடமேற்கு இங்கிலாந்தின் லங்காஷயரில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக வசிக்கிறேன். இந்த ஊரின் பெருமை ஹாட்பாட்: ஆட்டிறைச்சியும் வெங்காயமும் அடியில், மேலே ஓடு வேய்ந்தது போல உருளைக்கிழங்கு வில்லைகள். நான் வந்த புதிதில் பக்கத்து வீட்டில் ஒரு மூதாட்டி இருந்தார். சிறுவயதில் பஞ்சாலையில் வேலை பார்த்தவர். வில்லை அடுக்குவதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். கட்டைவிரலால் ஒவ்வொரு வில்லையையும் முந்தையதன் மேல் பாதி ஏறும்படி வைத்து, லேசாக ஒரு அழுத்து அழுத்துவார். அப்படி அழுத்தும்போது குழம்பு இடுக்கு வழியே ஒரு நூல் அளவு மேலே எட்டிப் பார்க்க வேண்டும். அதற்கு மேல் வந்தால் குழம்பு அதிகம், வரவேயில்லை என்றால் குறைவு. இந்த அளவுகோலை நான் எந்தச் செய்முறையிலும் படித்ததில்லை. கோழிக் கேசரோலுக்கும் அதையே பயன்படுத்துகிறேன்.

நான்கு பேருக்கான அளவு சொல்கிறேன். எலும்பும் தோலும் உள்ள கோழித் தொடை ஒரு கிலோ, உருளைக்கிழங்கு 800 கிராம், லீக் இரண்டு (தடித்த வெங்காயத்தாள் போன்ற காய்), பெரிய வெங்காயம் ஒன்று, பூண்டு மூன்று பல், வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம் (இங்கே பிளெய்ன் ஃப்ளவர் என்று கேளுங்கள்), பால் 200 மில்லி, ஒரு தேக்கரண்டி இங்கிலீஷ் கடுகு விழுது, உலர்ந்த தைம் (ஒரு மணத் தழை) அரைத் தேக்கரண்டி, பிரியாணி இலை ஒன்று, மிளகு, ஜாதிக்காய் கொஞ்சம், உப்பு. பால் நீல மூடி போட்டதாக இருக்கட்டும். அதுதான் கொழுப்பு எடுக்காத பால். பாத்திரம் சுமார் 23க்கு 33 சென்டிமீட்டர்.

ஏன் தொடை? நெஞ்சுக்கறி 74 டிகிரியைத் தாண்டியதும் காயத் தொடங்கும். கோழி பாதுகாப்பாக வெந்ததற்கு அடையாளமும் அதே 74 டிகிரிதான். ஆகவே நெஞ்சுக்கறிக்கும் ஓவனுக்கும் இடையே பிழைக்கு இடமே இல்லை. தொடையில் இணைப்புத் திசு அதிகம். அது 80 டிகிரிக்கு மேல் போகப் போகக் கரைந்து பிசுபிசுப்பான சாறாக மாறும். பத்து நிமிடம் கூடப்போனாலும் கறி மிருதுவாகவே இருக்கும். விலையும் குறைவு. எலும்பு கிடைக்கிறது. அந்த எலும்பில்தான் இந்தச் சமையலின் ருசியே இருக்கிறது.

கோழியைக் குழாயில் கழுவ வேண்டாம். மஞ்சள் போட்டுக் கழுவியே பழகிய கைக்கு இது கஷ்டம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பச்சைக் கோழியில் கேம்பிலோபாக்டர் என்ற கிருமி இருக்கக்கூடும், கழுவும்போது தெறிக்கும் நீர்த்துளிகளோடு அது தொட்டியிலும் பக்கத்துப் பாத்திரங்களிலும் போய் உட்காரும். பிரிட்டனின் உணவுத் தர முகமை 2014இல் இதற்கென்றே ஒரு பிரச்சாரம் நடத்தியது. சமையல் காகிதத்தால் ஒற்றி எடுத்தால் போதும். ஈரம் இல்லாத கறிதான் நன்றாகச் சிவக்கும் என்பதால் சமையலுக்கும் அதுவே நல்லது.

தோலை உரித்துத் தனியே வையுங்கள். தொடையின் உட்புறம் எலும்பை ஒட்டிக் கத்தியால் இருபக்கமும் கீறினால் எலும்பு கையோடு வந்துவிடும். கறியை மூன்று மூன்று துண்டாக்கி, ஒரு தேக்கரண்டி உப்பும் மிளகும் பிசறி அரை மணி நேரம் வைத்துவிடுங்கள். எலும்புகளை 750 மில்லி தண்ணீர், பிரியாணி இலை, லீக்கின் பச்சை நுனி, நாலைந்து முழு மிளகு ஆகியவற்றோடு சிறு தீயில் முக்கால் மணி நேரம் கொதிக்க விடுங்கள். மேலே வரும் நுரையை எடுத்துவிடுங்கள். வடிகட்டினால் ஏறக்குறைய அரை லிட்டர் சாறு கிடைக்கும். 400 மில்லி நமக்குப் போதும். அவசரமாக இருந்தால் கடையில் விற்கும் ஸ்டாக் கட்டியைக் கரைத்துக்கொள்ளலாம், பாதகமில்லை. உப்பை மட்டும் குறைத்துவிடுங்கள். ஆனால் எலும்புச் சாறு ஊற்றிய சாஸ் உதட்டில் லேசாக ஒட்டும். கட்டியில் அது வராது.

இப்போது தோல். அடிகனமான வாணலியில் எண்ணெய் விடாமல் தோலைப் பரப்பி, சிறு தீயில் வையுங்கள். கொழுப்பு உருகி இறங்க இறங்கத் தோல் சுருங்கி அப்பளம் போல முறுகும். அதை எடுத்து ஒரு சிட்டிகை உப்புத் தூவினால் சமைப்பவருக்கு உடனடிக் கூலி. உருகிய கொழுப்பில் இரண்டு மேசைக்கரண்டி தனியே எடுத்து வையுங்கள், கடைசியில் வேண்டும்.

வாணலியில் மீந்த கொழுப்பு நன்றாகக் காய்ந்ததும் கறித் துண்டுகளைப் போடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தடவையில் கொட்டினால் தண்ணீர் விட்டு வெந்துபோகும், சிவக்காது. இரண்டு மூன்று ஈடாகப் போட்டு, ஒரு பக்கம் நன்றாகப் பொன்னிறம் ஆகும்வரை கரண்டியால் தொடாமல் விடுங்கள். ஒட்டிக்கொண்டிருக்கும் துண்டு தானாகவே விடும்போதுதான் திருப்ப வேண்டும். உள்ளே பச்சையாக இருந்தால் இருக்கட்டும், அதை ஓவன் பார்த்துக்கொள்ளும். கறியை எடுத்த பிறகு வாணலியின் அடியில் பழுப்பாக ஒட்டியிருப்பதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள். கேசரோல் சப்பென்று இருக்கிறது என்று குறைப்பட்டுக்கொள்பவர்களில் பலர் அந்தப் பழுப்பைக் கழுவித் தொட்டியில் ஊற்றியவர்கள்தான்.

அதே வாணலியில் வெண்ணெயைப் போட்டு, நறுக்கிய வெங்காயத்தையும் லீக்கையும் சிறு தீயில் பத்து நிமிடம் வதக்குங்கள். லீக்கின் மடல்களுக்கு இடையே மண் இருக்கும். நீளவாக்கில் பிளந்து கழுவிய பிறகு நறுக்குங்கள். நிறம் மாற வேண்டியதில்லை, குழைந்தால் போதும். தட்டிய பூண்டு, தைம், பிறகு மைதா. மாவு வெண்ணெயை உறிஞ்சிக்கொண்டு பிஸ்கட் வாசனை வரும்வரை இரண்டு நிமிடம் கிளறுங்கள்.

இனி சூடான எலும்புச் சாற்றை ஒரு கரண்டி மட்டும் ஊற்றிக் கிளறுங்கள். பசை போலத் திரளும், பயப்படாதீர்கள். அது வழவழப்பான பிறகு அடுத்த கரண்டி. நான்கைந்து கரண்டி வரை இப்படிப் போய்விட்டால் மீதியைத் தாராளமாக ஊற்றலாம், கட்டி தட்டாது. கடைசியாகப் பால். அடிப்பழுப்பெல்லாம் கரைந்து சாஸில் கலக்கும்படி தேய்த்துக் கிளறி, ஐந்து ஆறு நிமிடம் கொதிக்க விடுங்கள். அப்போதுதான் பச்சை மாவு வாடை போகும். கரண்டியின் பின்புறத்தில் விரலால் ஒரு கோடு போட்டால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அதுவே பதம். இன்னும் கெட்டியாக இருந்தால் நல்லது என்று நினைக்காதீர்கள், ஏனென்றால் ஓவனில் கிழங்கு கொஞ்சம் ஈரத்தைக் குடிக்கும். கடுகு விழுது, ஜாதிக்காய், மிளகு, உப்புச் சேர்த்துச் சுவை பாருங்கள். உப்புத் துளி கூடுதலாகத் தெரிய வேண்டும். மேலே அடுக்கும் கிழங்கு அதைச் சமன் செய்யும்.

சாஸ் கொதிக்கும் நேரத்திலேயே கிழங்கை முடித்துவிடலாம். தோல் சீவி, மூன்று நான்கு மில்லிமீட்டர் கனத்தில் வில்லைகளாக நறுக்குங்கள். சிப்ஸ் சீவும் கட்டை இருந்தால் ஒரே கனமாக வரும். உப்புப் போட்டுக் கொதிக்கும் தண்ணீரில் நான்கைந்து நிமிடம். கத்தி நுனி தடையில்லாமல் இறங்க வேண்டும், ஆனால் கையில் எடுத்தால் வில்லை உடையக் கூடாது. வடிகட்டியில் கொட்டி ஐந்து நிமிடம் ஆவி போக விடுங்கள். ஈரமாகவே அடுக்கினால் மேல்புறம் முறுகாது.

கறியையும் அதிலிருந்து வடிந்த சாற்றையும் சாஸில் கலந்து பாத்திரத்தில் ஊற்றுங்கள். வில்லைகளை ஓரத்திலிருந்து வரிசையாக அடுக்கி, நான் சொன்னபடி கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். எடுத்து வைத்த கோழிக் கொழுப்பை மேலே தடவி, உப்பும் மிளகும் தூவுங்கள். கண்ணாடிப் பாத்திரம் என்றால் ஒரு எச்சரிக்கை: முந்தின நாளே தயார் செய்து ஃபிரிட்ஜில் வைத்ததை நேராகச் சூடான ஓவனுக்குள் வைக்கக் கூடாது. எனக்கு ஒருமுறை இரண்டாகப் பிளந்து, சாப்பாடு முழுக்க ஓவன் தரையில் போயிற்று. ஒரு மணி நேரம் வெளியே வைத்துவிட்டுப் பிறகு சுடுங்கள்.

ஓவன் 200 டிகிரி. விசிறி உள்ள ஓவன் என்றால் 180, கேஸ் ஓவனில் 6ஆம் எண். அலுமினியத் தாளால் மூடி 25 நிமிடம். பிறகு தாளை எடுத்துவிட்டு இன்னும் 25 முதல் 30 நிமிடம். சீஸ் பிடிக்கும் என்றால் கடைசிப் பதினைந்து நிமிடத்தில் ஒரு கைப்பிடி லங்காஷயர் சீஸை உதிர்த்துவிடுங்கள். முதலிலேயே போட்டால் கருகும். கிழங்கு தெரியாதபடி மூடினால் முறுகலே இராது. எனக்கு அது பிடிக்காது.

வெந்ததை அந்த மூதாட்டி பார்க்கும் விதம் இது: மெல்லிய கத்தியை நட்டநடுவில் அடிவரை செருகிப் பத்து எண்ணுவார். இறங்கும்போது எங்கும் தட்டுப்படக் கூடாது. வெளியே எடுத்துக் கத்தியின் தட்டைப் பக்கத்தை மணிக்கட்டின் உட்புறம் கொண்டுபோவார். தொட முடியாதபடி சுட்டால் நடுவும் வெந்துவிட்டது. வெப்பமானி இருந்தால் 74ஐத் தாண்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள், புதிதாகச் சமைப்பவருக்கு அதுதான் நிச்சயம். ஓரங்களில் சாஸ் பெரிய பெரிய குமிழாக மெதுவாக வெடிக்க வேண்டும். சின்னக் குமிழாகத் துள்ளினால் அது இன்னும் நீர்த்தே இருக்கிறது.

வெளியே எடுத்ததும் பரிமாறாதீர்கள். பதினைந்து நிமிடம் அப்படியே இருக்கட்டும். சூடு தணியத் தணிய மாவு இறுகி, சாஸ் தட்டில் ஓடாமல் கறியோடு நிற்கும். பசியோடு அந்தப் பதினைந்து நிமிடம் காத்திருப்பது கடினம், ஆனாலும் காத்திருங்கள். பக்கத்தில் வேகவைத்த பட்டாணியோ வெண்ணெயில் புரட்டிய முட்டைக்கோஸோ போதும்.

மசாலா சேர்க்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். இதில் வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கரம் மசாலா போட்டால் லீக்கின் இனிப்பும் எலும்புச் சாற்றின் மணமும் அடிபட்டுப்போகும், நல்ல குருமாவும் கிடைக்காது. நாக்குக்கு உறைப்பு வேண்டுமென்றால் மிளகைக் கரகரப்பாகப் பொடித்து இரண்டு மடங்காகப் போடுங்கள். எலுமிச்சை ஆசையை விட வேண்டியதில்லை. தட்டில் போட்ட பிறகு நாலு துளி பிழியுங்கள், அப்போது கிழங்கையும் கெடுக்காது, பாலையும் திரிக்காது. எங்கள் வீட்டில் ஓரத்தில் எலுமிச்சை ஊறுகாயும் இருக்கும்.

மீந்ததை இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். ஃப்ரீஸரில் வைக்க வேண்டாம், கிழங்கு சொதசொதவென்று நீர் விட்டுவிடும். மறுநாள் மைக்ரோவேவில் சூடாக்கினால் மேல்புறம் தொய்ந்துபோகும். இரண்டு கரண்டி பாலைப் பாத்திரத்தின் ஓரமாக ஊற்றி, தாளால் மூடி 180 டிகிரியில் இருபது நிமிடம் வையுங்கள். நடுவிலும் ஆவி பறக்கும் அளவு சூடேறியதும் தாளை எடுத்துப் பத்து நிமிடம் விட்டால் கிழங்கு மறுபடி முறுகும்.